விரல் நுனிவரை வர வேண்டிய சூடு

மே மாத மதியம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ரைடிங் சாமான் கடை. ஜூனில் லே போகப்போகிற தி.நகர்ப் பையன் ஒருவன் பேட்டரியில் சூடேறும் கிளவுஸுக்குள் கையைத் திணித்துக்கொண்டிருந்தான். வியர்வையில் உள்துணி ஒட்டிக்கொண்டு, கை பாதியிலேயே நின்றது. “அண்ணா, ஒரு சைஸ் பெருசா எடுத்துடவா?” என்றான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னேன்.

நம் ஊர் வெயிலில் வண்டி ஓட்டி வந்த கை லேசாக வீங்கியிருக்கும். அந்தக் கைக்கு அளவெடுத்தால், மலையில் விரல் சுருங்கும்போது கிளவுஸ் தொளதொளவென்று ஆகிவிடும். தொளதொளத்த கிளவுஸில் சூடு விரலைத் தொடாது, கைப்பிடியிலும் பிடிமானம் வழுக்கும். இறுக்கமாக இருந்தாலோ ரத்த ஓட்டமே தடைப்படும், அப்புறம் எந்தக் கம்பி சூடேறியும் பயனில்லை. மாட்டிக்கொண்டு முஷ்டி பிடித்தால் விரல் நுனி தையலில் முட்டக்கூடாது. விரலை நீட்டினால் நுனியில் ஒரு நெல்மணி அளவு இடம் இருக்க வேண்டும். நான் பார்ப்பது இதைத்தான்.

மயிலாப்பூரில் மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத நமக்கு எதற்கு இந்தக் கிளவுஸ் என்று வீட்டில் கேட்பார்கள். தேவை வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான். ஆனால் அந்த நாட்களில் பிரேக்கும் கிளட்சும் விரலை நம்பியிருக்கின்றன. தெர்மாமீட்டர் 0 டிகிரி காட்டும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று படும் தோலுக்கு அது மைனஸ் 9 டிகிரிக் குளிர். குளிரைக் கண்டதும் உடம்பு முதலில் விரலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். நெஞ்சைக் காப்பாற்ற உடம்பு எடுக்கும் முடிவு அது.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் லடாக் அல்ல, நம் நீலகிரி. ஒரு ஜனவரி மாதம் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. விடியற்காலை கிளம்பினேன். கையில் புதிதாக வாங்கிய பேட்டரி கிளவுஸ். புறங்கை இதமாகக் கதகதத்தது. இருபது நிமிஷத்தில் இடது கை ஆள்காட்டி விரல் நுனி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் கிளட்சைப் பிடித்தேன் என்று நினைத்தேன், பிடித்திருக்கவில்லை. வண்டி உதறி நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து துணியைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சூட்டுக் கம்பி விரல் கணுவோடு திரும்பிவிடுகிறது. நுனிக்கு வரவே இல்லை. கட்டை விரல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கடையிலேயே ஆன் செய்யச் சொல்கிறேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கையை வெளியே எடுத்து, வெறும் விரலால் கிளவுஸின் ஒவ்வொரு விரலையும் நுனிவரை, பக்கவாட்டிலும் கட்டை விரலிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் சூடு இல்லாவிட்டால் குறையாக நினைக்காதீர்கள். அங்கே கனமாக வைத்தால் லிவரின் உணர்வு போய்விடும்.

இன்னொன்று, சூட்டைப் பார்க்கும் முன் அது நல்ல ரைடிங் கிளவுஸா என்று பாருங்கள். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் இ.என். 13594 என்ற எண் இருக்கிறதா? உள்ளங்கை அடிப்பாகத்தில் தேய்மானம் தாங்கும் பட்டை, மணிக்கட்டில் கழன்று வராத பட்டை, கணுவுக்குக் கவசம், தண்ணீர் புகாத மெம்பரேன் இருக்கின்றனவா? பனிச்சறுக்கு விளையாட்டுக்குத் தைத்த சூட்டு உறைகள் மலிவாகக் கிடைக்கும். அவை தார் ரோட்டில் விழுவதற்காகத் தைத்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர்களுக்கே மின்சாரத்தில் சூடேறும் உறைகள் இருந்தன. யோசனை பழசு. ரைடருக்கு அது சரியாக அமைவது தையலில்தான் இருக்கிறது.

பேட்டரியா, வண்டியிலிருந்து வயரா? சொந்த வண்டியை ரயில் பார்சலில் ஏற்றிப் போகிறவர் வயர் இழுக்கலாம், நாள் முழுக்கச் சூடு கிடைக்கும். ஒரு ஜோடி 25 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. அதனால் ஆல்டர்னேட்டரில் மிச்சம் எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு இழுங்கள், ஃபியூஸ் இல்லாமல் இழுக்காதீர்கள். மணாலியில் வாடகை வண்டி எடுப்பவருக்குப் பேட்டரி கிளவுஸ்தான் வழி. 7.4 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி என்றால் சுமார் 16 வாட்-மணி. ஒரு கை 8 வாட் இழுத்தால் கணக்குப்படி 2 மணி நேரம். குளிரில் லித்தியம் பேட்டரி அதையும் முழுசாகத் தராது. லே போகும் வழியில் பாரலாச்சா லா கணவாய் ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஆன் செய்து, இறங்கியதும் அணைத்துவிடுவேன். மரத்துப்போன விரலை மீட்பதைவிடச் சூடான விரலைக் காப்பது சுலபம்.

அந்த வழியில் மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறும். ஒருமுறை உள்துணி நனைந்துவிட்டால் பேட்டரி எல்லாம் ஈரத்தை உலர்த்தத்தான் செலவாகும். பெரிய சைஸ் ரப்பர் கிளவுஸை, பாத்திரம் தேய்ப்பதற்கு விற்கிறார்களே அதை, மேலே மாட்டிக்கொள்ளும் ரைடர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றையும் தண்ணீரையும் அது ஒருசேர நிறுத்திவிடும். என் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும்.

அடையாறிலிருந்து எங்களோடு வரும் ஒரு மாமாவுக்குச் சர்க்கரை. விரலில் உணர்வு குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அவருக்கு மெல்லிய பட்டு உள்ளுறையைப் போட்டு, சூட்டைக் குறைந்த நிலையிலேயே வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளவுஸைக் கழற்றிக் கையைப் பார்க்கச் சொல்வேன். “என்னடா, குழந்தை மாதிரி பாத்துக்கறே” என்பார், ஆனாலும் கையை நீட்டுவார்.

வாங்கும்போதே நினைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிளவுஸின் வாழ்க்கை பெரும்பாலும் நம் வீட்டில்தான் கழிகிறது. ஐப்பசி மழையில் பரணில் வைத்த தோல் கிளவுஸில் பச்சைப் பூஞ்சை பூத்ததைக் கண்டு கண்ணீர் வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் அதே பரண் அடுப்பு. ஆகவே பேட்டரியைத் தனியே கழற்றக்கூடிய மாடலையே வாங்குகிறேன். பேட்டரி பாதிச் சார்ஜில் கீழ் அலமாரியில் இருக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். கிளவுஸ் காற்றோட்டமான துணிப்பையில், சிலிகா ஜெல்லோடு.

பையனின் கை உலர்ந்துவிட்டது. முதலில் எடுத்த அதே சைஸ் இப்போது வழுக்கிக்கொண்டு ஏறியது. மேஜையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுக்கச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் எடுத்தான். ஹெல்மெட் வைசரை ஏற்றி இறக்கினான். கடைக்கு வெளியே நின்ற தன் வண்டியில் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு விரலால் கிளட்சைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்துப் பார்த்தான்.

“இதுதாண்ணா,” என்றான்.

“ஃப்ளைட்ல பேட்டரியைப் பெட்டியில போட்டுடாதே. கையில வச்சுக்கற பையில வை,” என்றேன்.