இரும்புக் கட்டிலும் தேக்குத் தோலும்

இரும்புக் கட்டில் ஒன்றுக்கு மெய்யான மரத்தோல் போர்த்தும் வேலையை ஐந்தாண்டுகட்கு முன்னர் யாம் கற்க நேர்ந்தது. அவ்வேலையில் அறிந்தவற்றையும், அதனால் எமக்கு உண்டான வெட்கத்தையும், அவ்வெட்கம் நீங்கிய விதத்தையும் அன்பர்கட்கு உரைத்தல் பயனுடைத்தெனக் கருதி இதனை எழுதலாயினோம்.

எம் தங்கைக்குக் கிள்ளானில் ஓரிடத்தில் மணம் பேசினோம். மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். குணத்தில் குறை சொல்ல இடமில்லாதவர். அவர் இல்லத்தார் சீர்திருத்தக் கொள்கையினர். புரோகிதம் வேண்டா, நாளும் கோளும் பார்க்க வேண்டா என்றனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்ற காலந்தொட்டு இந்நாட்டுத் தமிழரிடையே வேரூன்றிய நெறியன்றோ அது! யாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஆயின், விடைபெற்று எழும் வேளையில் சம்பந்தியம்மாள், "நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். ஆனாலும் பெண்ணுக்கு ஒரு தேக்குக் கட்டில் மட்டும் போட்டு அனுப்பிவிடுங்கள். நாலு பேர் வந்து பார்ப்பார்கள் அல்லவா?" என்றார்.

கேளாதவர்போல் கேட்பதற்கு நம்மவர் கண்ட வழி இது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணையைத் தடுக்கச் சட்டம் செய்தனர். ஆயினும் 'சீர்' என்றும், 'அன்பளிப்பு' என்றும் பெயர் மாறி அஃது உலவுகின்றது. கடல் கடந்து வந்த நம்மிடமும் அது விடைபெற்றுப் போகவில்லை.

நிற்க. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துக் கிராணியின் சம்பளத்தில் தேக்குக் கட்டில் வாங்குவது எங்ஙனம்? வீட்டில் எம் தந்தையாரின் இரும்புக் கட்டில் ஒன்று இருந்தது. இளமையில் வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளில் தம் கூலியை மிச்சம் பிடித்து அவர் வாங்கியது. குழாயால் ஆன கால்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தகடு. இருவர் படுக்கப் போதிய அகலம். மரக்கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி குடியேறும். இரும்பில் அதற்கு ஒளிந்திருக்க இடம் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவமனைகளும் இல்லங்களும் இரும்புக் கட்டிலை விரும்பி ஏற்றதற்கு இஃதொரு காரணம். ஆகவே அக்கட்டில் இழிந்த பொருளன்று. எனினும் அது தேக்கன்று. அதற்குத் தேக்குத் தோல் போர்த்தித் தேக்கென்றே அனுப்பிவிடுவது என்று யாம் மனத்துள் முடிவு செய்தோம்.

ஒன்றன்மேல் மற்றொன்றின் தோலைப் போர்த்தும் தொழில் மிகப் பழையது. 1922ஆம் ஆண்டில் எகிப்தில் திறக்கப்பெற்ற துத்தன்காமன் மன்னனின் கல்லறையில், அரிய மரத்தை மெல்லிய தகடாக்கி ஒட்டிய பொருள்கள் கிடைத்தன. நல்ல மரம் அரிதாகிய நாட்டில் சிறிது மரத்தைக் கொண்டு பெரும்பரப்பை அழகு செய்யும் உபாயம் அது. அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் வண்டிகளை மரத்தால் கட்டுவதை விட்டு எஃகினால் கட்டலாயினர். தீப்பற்றாத எஃகு வேண்டும்; ஆயின் கண்ணுக்குப் பழகிய மரமும் வேண்டும். எனவே எஃகுச் சுவரின்மேல் மகோகனி மரத்தின் வரிகளை வண்ணத்தால் தீட்டினர். மற்றொருபுறம், ஜெர்மனியில் மார்சல் புராயர் என்பார் 1925ஆம் ஆண்டளவில் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்து, அதனை எஃகாகவே பளபளக்க விட்டார். உலகம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

இனி வேலையின் முறையைச் சொல்வோம். கடைகளில் வெனீர் என்று வழங்குவது மெய்யான மரத்தின் சீவல். கனம் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். முதற்கண் இரும்பின் பழைய வண்ணத்தையும் துருவையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, இரும்பு வெளுக்கும்வரை நீக்க வேண்டும். பின்னர் அசிட்டோன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தல் வேண்டும். துடைத்த இடத்தை வெறுங்கையால் தொடலாகாது. கைவியர்வையின் உப்பும் நெய்ப்பும் பசையைப் பிடிக்கவிடா. தச்சர் கையாளும் வெள்ளைப் பசை ஈண்டு உதவாது. அதிலுள்ள நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும், இரும்பு உறிஞ்சாது; அந்நீரே துருவுக்கும் வித்தாகும். இரு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை உலரவிட்டு, பின்னர் ஒன்றோடொன்று பொருத்தும் பசையே ஏற்றது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். கதவு சாளரங்களைத் திறந்து வைத்தே வேலை செய்க. ஒருமுறை தொட்டால் பற்றிக்கொள்ளும். நகர்த்தித் திருத்த இயலாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

குழாய்க் கால்களுக்குச் சுற்றும்போது மரத்தின் இழை குழாயின் நீளவாட்டில் அமைய வேண்டும். குறுக்கே வைத்து வளைத்தால் சீவல் முறியும். மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் போகும். இரும்போ ஈரத்தால் விரியாது, வெப்பத்தாலேயே விரியும். ஆதலின் ஒட்டுவதற்கு முன் சில நாள் அவ்வறையின் காற்றிலேயே சீவலைப் பழகவிட வேண்டும். ஒட்டியபின் விளிம்பை நறுக்கி, நயமாகத் தேய்த்து, வார்னிஷை மெல்லிதாகப் பலமுறை பூசினால் ஈரம் உட்புகுதல் குறையும்.

இப்பசையில் ஒரு புதுமையும் உண்டு. அது பெரும்பாலும் நியோபிரீன் என்னும் செயற்கை இரப்பரால் ஆவது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்கத் தூபோன் நிறுவனத்தார் கண்டது. பால்மரத்து இரப்பருக்குப் போட்டியாய்ப் பிறந்த பொருளை, பால்மரம் வெட்டிய கைகளாலேயே எம் தந்தையார் இரும்பின்மேல் தடவினார். ஆம், துணைக்கு அவரே வந்தமர்ந்தார்.

முதற் காலை அவசரத்தில் முடித்தோம். அடிப்புறத்துத் துருவை முற்றும் நீக்கவில்லை. இரண்டாம் காலைத் தேய்க்கையில் தந்தையார் தலை நிமிராமலே வினவினார்:

"இரும்பென்று அவர்களிடம் சொல்லிவிடுவாயா, தம்பி?"

யாம் மறுமொழி கூறவில்லை. அவர் கேட்டது கட்டிலைப் பற்றி மட்டுமன்று என்பதை அறிவோம். மணப்பேச்சின்போது, "உங்கள் தந்தையார் என்ன வேலையில் இருந்தார்?" என்று கிள்ளானார் வினவினர். "தோட்ட நிர்வாகத்தில் இருந்தார்" என்று யாம் விடை பகர்ந்தோம். ஆங்கிலம் கற்று அலுவலக நாற்காலியில் அமர்ந்த எமக்கு, பால்மரம் வெட்டியவர் என்று சொல்ல நா எழவில்லை. அருகிலேயே அமர்ந்திருந்த தந்தையார் அன்றும் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெட்டிய மரத்தின் பாலில்தான் யாம் கற்ற ஆங்கிலத்தின் ஒவ்வொரு எழுத்தும் வந்தது.

வாயிற்படியில் நின்ற தங்கை கூறினாள்: "பொய்மேல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, அண்ணே."

அன்றிரவு எம் தீவின் பழங்குடியினராகிய மா மெரி மக்களை நினைத்தோம். சுங்கை பும்புன் முதலிய சிற்றூர்களில் அவர்கள் சதுப்புநிலத்து மரத்தில் முன்னோர் உருவங்களையும் முகமூடிகளையும் செதுக்குகின்றனர். முகமூடி அணிந்து ஆடுபவர் அதனை ஊரறிய அணிகின்றார்; ஆட்டம் முடிந்ததும் ஊரறியக் கழற்றுகின்றார். அஃது அவர் முகமென்று எவரும் ஏமாறுவதில்லை; அதனால் அவருக்கு இழிவுமில்லை. போர்வை குற்றமன்று, உள்ளிருப்பது இன்னதென்று மறைத்தலே குற்றம். யாம் செய்ய முனைந்தது இரண்டாவது.

மறுவாரம் கிள்ளான் சென்றோம். கட்டில் இரும்பு என்றோம். தந்தையார் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டினார் என்றோம். முன்னர்க் கூறியது பொய்யென்றும் ஒப்புக்கொண்டோம். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. சம்பந்தியம்மாள், "அப்படியானால் தேக்கு எங்கே?" என்றார். மாப்பிள்ளை எழுந்து வந்து எம் தந்தையாருக்கு அருகில் அமர்ந்து, "எங்கள் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்தாம், மாமா. வீட்டில் அதைப் பேசுவதில்லை" என்றார். அம்மையார் உள்ளே சென்றுவிட்டார். மணம் குறித்த நாளில் நடந்தது.

கட்டிலையும் அனுப்பினோம். தலைமாட்டுத் தகட்டிலும், கால்மாட்டுத் தகட்டிலும், கால்களிலும் தேக்குத் தோல். நீண்ட சட்டங்களைக் கறுப்பு வண்ணம் பூசி இரும்பாகவே விட்டோம். பார்ப்பவர் இரண்டையும் பார்க்கலாம்.

ஓராண்டு சென்றதும் அவசரத்தில் ஒட்டிய முதற் காலின் அடியில் தோல் குமிழியிட்டது. உள்ளே விட்ட துரு வளர்ந்திருந்தது. அதனைப் பிரித்து, இரும்பு வெளுக்கத் தேய்த்து, மீண்டும் ஒட்டினோம், இன்றளவும் நிற்கிறது. மற்றை மூன்று கால்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

நம் சீர்திருத்தமும் இவ்வாறே என்று எமக்குத் தோன்றுகின்றது. புரோகிதத்தை விலக்கிச் சீரை வைத்துக்கொள்ளும் வீடும், தந்தையின் தொழிலை மறைத்துச் சுயமரியாதை பேசும் மகனும், துருவின்மேல் தேக்கை ஒட்டியவர்களே. வெளியே எத்துணை வார்னிஷ் பூசினும் குமிழி எழுந்தே தீரும். தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் இளைஞர்காள்! பெற்றோர் செய்த தொழிலைக் கேட்பவர்க்கு உள்ளபடி சொல்லுங்கள். கட்டில் கேட்பவர்க்கு உங்களிடம் உள்ள கட்டிலைக் காட்டுங்கள்.

சம்பந்தியம்மாள் இன்றும் வருவோரிடம் அதனை, "மருமகள் வீட்டு இரும்புக் கட்டில்" என்றே காட்டுகிறாராம். புகழ்ந்து சொல்கிறாரா, குறைத்துச் சொல்கிறாரா என்று தங்கையிடம் யாம் கேட்டதில்லை. அவர் சொல்வது உண்மை. எமக்கு அது போதும்.