பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள்

2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதல்முறையாக மேடையேறியது. மேடையில் 19 பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. வடசென்னை கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் ஒலித்தன. கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் பறையும் கட்ட மோளமும் சட்டியும் நின்றன. தம்மைச் சாதியற்றவர்கள் என்று அறிவித்துக்கொள்ளச் சொன்ன பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது.

இது இசையா, கோஷமா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. சென்னையில் மட்டும் நடக்கிற சண்டை என்று நினைக்காதீர்கள். எங்கள் திருவண்ணாமலையில், தேரடித் தெரு டீக்கடையில் நடந்திருக்கிறது. பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிற இளைஞர்கள் யம லிங்கத்தருகே ஆரம்பித்து, நிருதி லிங்கம் தாண்டியும் விடாமல் பேசிக்கொண்டு போனதை நான் பின்னாலேயே நடந்து கேட்டிருக்கிறேன். ரசிகர்கள் சண்டை போடுவது நல்லது என்பது என் கட்சி. ஒரு பாட்டுக்காக இரண்டு பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ஊரில் இசை உயிரோடு இருக்கிறது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதில்தான் எனக்கு இளையவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியமாக, என் வயதுக்காரர்களிடமும் சொல்ல இருக்கிறது.

என் தங்கை மகன் மிருதங்கம் படித்தவன். நாற்பதைத் தாண்டிவிட்டான். ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் பேரன் இந்தக் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டான். பாதிகூட ஓடவில்லை.

"நிறுத்துடா. மாமா, இதைப் போய் இசைன்னு சொல்றான் பாருங்க. இது கோஷம்" என்றான் தங்கை மகன்.

"மாமா, நீங்க பல்லவி முடியறதுக்கே விடலையே. எது கோஷம்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான் பேரன்.

"கேக்கணுமா? யார் பாடறாங்க, எதுக்குப் பாடறாங்கன்னு தெரியாதா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. சுருதி விலகியது என்று அவன் சொல்லவில்லை. தாளம் பிசகியது என்றும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் அரை அட்சரம் தப்பினால் கண்டுபிடிக்கிற காது அவனுக்கு. அந்தக் காதை அன்றைக்கு அவன் திறக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் இது புதிதல்ல. 1941இல் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு பாடலாமா, அது துக்கடாவுக்கு மேல் தாங்குமா என்று படித்த பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1946இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடினார். சன்னிதியின் தூய்மையே கெட்டது என்றார்கள். தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்தவர், சாரீரத்துக்குப் பேர்போனவர். அவர் எடுத்த ராகத்தில் பிழை என்று அன்று யாரும் சொல்லவில்லை. பிழை வேறெங்கோ இருப்பதாக முன்பே முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. கமகம் வராது, நம் சுருதிக்கு ஒவ்வாது என்பது காரணம். அந்தக் காரணத்தில் இசை ரீதியான நியாயம் கொஞ்சம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். 1971 வாக்கில்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. இடைப்பட்ட முப்பது வருஷமும் எங்கள் மாவட்டத்துக் கூத்து மேடைகளில் அதே ஆர்மோனியம் விடிய விடிய ஒலித்துக்கொண்டிருந்தது. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை ஆடிய தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகவீணை மேலே ஏறிப் போகும்போது கீழே ஆர்மோனியம் பிடித்து நிற்கவில்லையென்றால், கர்ணனுக்கு அந்தக் கோபம் வராது. வானொலி நிலையத்தில் குறையாகத் தெரிந்தது கூத்துக் களரியில் பலமாக இருந்தது. ஒரு கருவி எங்கே, யாருக்காக, என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் அதற்கு மதிப்பெண் போடக்கூடாது.

சரி, கோஷம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அரசியல் பாடினால் இசை கெட்டுவிடும் என்பவர்கள் பாவலர் வரதராசனை நினைத்துப் பார்க்க வேண்டும். கம்யூனிஸ்ட் மேடைகளுக்காக ஊர் ஊராகப் பாடிப் போன அண்ணன் அவர். அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இளையராஜாவாக வந்தார். அப்போதும் இதே ஊரில் சண்டை நடந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் ரசிகர்கள், இது என்ன வயல்காட்டுப் பாட்டு என்றார்கள். இன்று அவர் ரமணாசிரமத்துக்கு வந்தால் வழி விலகிக் கும்பிடுகிற கூட்டத்தில், அன்று அப்படிப் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் பரவிய, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் (தமுஎச) கலை இலக்கிய இரவுக்கும் எங்கள் திருவண்ணாமலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பனியில் போர்வை போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்து பறையும் பாட்டும் கேட்ட ஊருக்கு, மேடையில் அரசியல் கேட்டால் அதிர்ச்சி வரக்கூடாது.

இந்தக் குழுவில் என்னை உட்கார வைத்தது ராப்தான். அதைப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பையன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு முன்பே இந்தக் குழுவில் அவர் பாடியதைக் கேட்டபோது எனக்கு அருணகிரிநாதர் ஞாபகம் வந்தது. சிலருக்கு இது அபசாரமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் அண்ணாமலையார் கோயிலுக்குள் கம்பத்து இளையனார் சன்னிதியில் நின்று ஓதுவார் அவருடைய திருப்புகழைப் பாடக் கேட்டுப் பாருங்கள். முதலில் நம்மைப் பிடிப்பது சந்தம்தான், பொருள் பின்னால் வருகிறது. தனதன, தய்யதன என்று வல்லினமும் மெல்லினமும் மாறி மாறி விழ, மூச்சு வாங்கும் இடம்கூடத் தாளத்துக்குள் கணக்காகி விடுகிறது. தமிழ் எழுத்துகளையே தாளக் கருவியாக்கிய கலை அது. நல்ல ராப் பாடகர் செய்வதும் அதுதான். தமிழில் குறில், நெடில், ஒற்று மூன்றையும் எங்கே இறக்கினால் அடி விழும் என்று அறிவுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கிலீஷ் ராப்பைத் தமிழில் ஒப்பிக்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பாட்டில் தமிழ் நொண்டும்.

அந்தத் திருப்புகழுமே எல்லாக் காலத்திலும் எல்லார் காதிலும் இருந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதித்துறையில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடி ஏடுகளைத் திரட்டி அச்சேற்றினார். அவர் தேடிப் போகாமல் இருந்திருந்தால் இன்று நாம் பாடுகிற அத்தனையும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் குழுவில் பாடிய இசைவாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஆண்களே பாடி வந்த கானாவுக்கு ஒரு பெண் குரல். 2020இல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பட்டியல் இருக்கட்டும். கானாவுக்கு வேண்டிய அந்தக் கரகரப்பை அவர் வலிந்து வரவழைப்பதில்லை. குரல் உயரும்போது கத்தலாகாமல் நிற்கிறது. இதைக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் உரிமை. கேட்காமலே அவரை ஏசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனி என் பேரன் பக்கம். அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் இந்தக் குழுவில் குறையே தெரிவதில்லை. ஏதாவது சொன்னால், "தாத்தா, உங்களுக்கு அவங்க வலி புரியாது" என்று வாயை அடைக்கிறார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. கொள்கை சரியாக இருப்பதால் மெட்டும் சரியாகிவிடாது. சில பாட்டுகளில் சொல்ல வந்த கருத்து மெட்டை முந்திக்கொண்டு ஓடுகிறது. சரணம் வளராமல், சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்லி முடிகிறது. அத்தனை கருவிகள் மேடையில் இருக்கும்போது எல்லாரும் எல்லா நேரமும் வாசித்தால், ஒன்றும் தனியாகக் காதில் விழாது. இதைச் சொல்வது அவர்களை இறக்குவதாகாது. மார்கழிக் கச்சேரியில் ஒரு வித்துவானின் நிரவலை எவ்வளவு கறாராக எடை போடுகிறோமோ, அதே கறார் சட்டி அடிக்கிற இளைஞனுக்கும் வேண்டும். 'பாவம், நம்ம பிள்ளைகள்' என்று தட்டிக்கொடுப்பது மரியாதை ஆகாது. 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழாவுக்குப் போகிறவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன். கைதட்டுங்கள், பிறகு எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடம் தொய்ந்தது என்று பேசுங்கள்.

அமெரிக்காவில் 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிடாரோடு வந்தபோது, அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்த ரசிகர்களிலேயே பலர் கூச்சலிட்டார்கள். அவர்களும் பாட்டை விட்டுவிட்டு, டிலன் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்கள் வைத்திருந்த படத்துக்காகச் சண்டை போட்டார்கள். அன்பு மிகுந்தாலும் காது அடைத்துப் போகும்.

என் தங்கை மகனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "பாட்டு வரியை விட்டுடு. தாளத்தை மட்டும் கேளு. மிருதங்கம் வாசிக்கிறவனாக் கேளு." போனை ஸ்பீக்கரில் இணைத்து மறுபடி போட்டோம். முதல் தடவை கைகட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டாவது தடவை தொடையில் விரல் தட்ட ஆரம்பித்தது. இடுப்பில் கட்டி இரண்டு மெல்லிய குச்சியால் அடிக்கிற அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டான். டிரம்ஸ் நாலில் நேராக நிற்க, சட்டி அதன் மேல் மூன்று மூன்றாகப் பின்னிக்கொண்டு போய்ச் சரியாகச் சமத்தில் வந்து விழுகிறது என்று பேரனுக்கு விரல் மடக்கிக் காட்டினான். பேரன் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

அதற்காக அவன் அந்தக் குழுவின் ரசிகனாகிவிடவில்லை. இன்றும் குறை சொல்கிறான். ஆனால் இப்போது சொல்கிற குறை வேறு. ஒலிப்பதிவில் கிடாரை முன்னால் வைத்துச் சட்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள், அவ்வளவு நல்ல கையை ஏன் அமுக்க வேண்டும் என்கிறான். ராக் என்றால் கிடார் முன்னால்தான் இருக்கும், மேடையில் கேட்டால் சட்டி தனியாகத் தெரியும் என்கிறான் பேரன். இதில் நான் தங்கை மகன் கட்சி.