அகிஹாபாராவில் ஒரு வைத்தியர்

டோக்கியோவுக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பூஜி மலையைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்க்கவில்லை. நான் அங்கே இருந்த பத்து நாளும் அந்த மலை மேகத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் மலையைப் பார்த்தவர்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்து வந்தேன். அது ஒரு ரிப்பேர் கடை!

சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேளுங்கள்.

என் தங்கை டோக்கியோவில் நிஷி-காசாய் என்ற பேட்டையில் குடியிருக்கிறாள். நம் நாட்டவர் நிறையப் பேர் வசிக்கும் இடம் அது. துவரம் பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் பஞ்சமில்லை. அவள் இருக்கும் கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு ஜப்பானியப் பாட்டி தனியாக வசிக்கிறாள். வயது எழுபத்தைந்து இருக்கும். தங்கையின் குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் நுழைவது அவள் வீட்டில்தான்.

ஒரு நாள் மாலை பாட்டி, நீலத் துணியில் அழகாக முடிந்த ஒரு மூட்டையுடன் மாடிக்கு வந்தாள். ஏதோ பலகாரம் என்று குழந்தைகள் ஓடினார்கள். முடிச்சை அவிழ்த்தால், உள்ளே வெள்ளையும் அரக்குச் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி! பக்கத்துக்கு ஒன்றாக, வயரோடு பிணைத்த இரண்டு கைப்பிடிகள்.

"அடடே, நம் வீட்டு வீடியோ கேம்!" என்று கூவிவிட்டேன். 1990களில் நம் ஊரில் டி.வி.யில் மாட்டி விளையாடினோமே, மலிவான கேம் பெட்டிகள், ஞாபகமிருக்கிறதா? அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பெட்டியின் நகல்கள்தாம். அசல் பெட்டியின் பெயர் 'பாமிலி கம்ப்யூட்டர்'. ஜப்பானியர்கள் செல்லமாக 'பாமிகாம்' என்பார்கள். 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த நிண்டெண்டோ கம்பெனி, 1983 ஜூலை 15-ஆம் தேதி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 14,800 யென். மஸாயுகி உவெமுரா என்ற என்ஜினீயரின் தலைமையில் உருவானது.

"இதற்கு உடம்பு சரியில்லை" என்றாள் பாட்டி. தங்கை மொழிபெயர்த்துச் சொன்னாள்.

பெட்டி பாட்டியின் கணவருடையது. அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. வருஷம் தவறாமல் அவருடைய நினைவு நாளன்று பாட்டி பழைய டி.வி.யில் இதை மாட்டி, அவர் ஆடி வைத்த ஆட்டத்தை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்து வைப்பாளாம். இந்த வருஷம் திரையில் ஒன்றுமே வரவில்லை.

"கம்பெனிக்கு அனுப்பலாமே?" என்றேன்.

"எங்கே அக்கா! 2003-ல் தயாரிப்பதை நிறுத்தினார்கள். 2007 அக்டோபரோடு ரிப்பேரையும் நிறுத்திவிட்டார்கள். உதிரிச் சாமான் இல்லையாம்" என்றாள் தங்கை. "அகிஹாபாராவுக்குத்தான் போக வேண்டும்."

மறுநாள் மூவரும் புறப்பட்டோம். கயாபாச்சோவில் ரயில் மாறி அகிஹாபாராவில் இறங்கினோம். பாட்டி மூட்டையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அகிஹாபாரா ஒரு விசித்திரமான ஊர். 1869-ல் அங்கே ஒரு பெரிய தீ விபத்து. இனி நெருப்பு அண்டக் கூடாதென்று அதன் பிறகு அந்த இடத்தில் ஒரு சன்னிதி கட்டினார்கள். அந்தச் சன்னிதியால் வந்த பெயர்தான் அகிஹாபாரா. நெருப்புக்குப் பயந்து பெயர் வைத்த இடத்தில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் மின்சாரம்! யுத்தம் முடிந்த பின் ரேடியோ சாமான் விற்ற தெருக்கடைகள் இந்த வட்டாரத்தில் முளைத்தன. 1949-ல் தெருக்கடைகளை அகற்ற உத்தரவு வந்ததும், அவை ரயில் பாலத்துக்கு அடியில் குடியேறின. 'ரேடியோ சென்டர்' என்ற அந்தச் சந்தில் நுழைந்தேன். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். நம் ஊர்ப் பூக்கடை அளவுக்கு ஒவ்வொரு கடை. ஒரு கடையில் ஸ்விட்ச், இன்னொன்றில் வயர், மற்றொன்றில் மிளகும் கடுகும் கொட்டி வைத்தாற்போல் சிறு சிறு சாமான்கள். தலைக்கு மேல் ரயில் கடகடவென்று ஓடுகிறது.

நாங்கள் தேடிப் போன கடை ஒரு பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். முன்னாளில் டி.வி. ரிப்பேர் செய்தவராம். மூட்டையை அவிழ்த்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைகளைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடைசியாக எப்போது படம் வந்தது? வயரை அசைத்தால் ஏதாவது மாறியதா? வேறு அடாப்டர் போட்டீர்களா? நல்ல வைத்தியர் நாடி பிடிக்கும் முன் விசாரிப்பாரே, அப்படி!

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார். முதலில் அடாப்டர். மீட்டரை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. அடுத்தது டி.வி. இந்தப் பெட்டி பழைய கால ஒளிபரப்பு போல ஒன்றாம் அல்லது இரண்டாம் சானலில் படம் அனுப்பும். ஜப்பானில் 2011-ல் பழைய முறை ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றுபோனதால் புதிய டி.வி.க்கள் அதை வாங்கிக்கொள்ளா. அதற்காகவே அவர் ஒரு குட்டிப் பழைய டி.வி. வைத்திருந்தார். அதிலும் இருட்டுத்தான்.

மூன்றாவது, ஆட்டம் இருக்கும் காட்ரிட்ஜ். பாட்டி தன்னுடையதை நீட்டினாள். அவர் இரு கைகளாலும் வாங்கி, ஒரு துணிமேல் தனியாக வைத்துவிட்டார். "கோளாறான பெட்டியில் இதைப் போடக்கூடாது. உள்ளே இருப்பது அழிந்துவிடும்" என்று, தம்முடைய பழைய காட்ரிட்ஜ் ஒன்றைச் செருகினார். அதன் உலோகப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். நாமெல்லாம் வாயால் ஊதுவோமே, அது கூடாதாம். மூச்சின் ஈரம் பட்டுப் பற்கள் களிம்பேறும்.

துடைத்தும் படம் வரவில்லை. அதன் பிறகே பெட்டியைத் திறந்தார். பூதக் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். அடாப்டர் செருகும் இடத்தில், ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை போல் ஒரு விரிசல். வருஷக்கணக்காகச் செருகிச் செருகி எடுத்ததில் வந்தது. மின்சாரம் வாசல் வரை வந்து, படி ஏறாமல் நின்றிருக்கிறது! சுட்ட இரும்பால் ஒரு பொட்டு ஈயம் வைத்தார். குட்டி டி.வி. பளிச்சென்று உயிர் பெற்றது.

நான் கை தட்டினேன். பாட்டி தட்டவில்லை. அவள் கண் துணிமேல் இருந்த காட்ரிட்ஜின்மேல் இருந்தது.

அது 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகம். 1988 பிப்ரவரி 10-ஆம் தேதி வெளிவந்தபோது கடை வாசல்களில் ஜனங்கள் வரிசை கட்டி நின்ற ஆட்டம். முதல் இரண்டு பாகங்களில், விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு மந்திரம் போன்ற எழுத்துச் சரத்தைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போகும். ஓர் எழுத்துப் பிசகினாலும் ஆட்டம் போயிற்று! மூன்றாம் பாகத்தில் அந்தத் தொல்லை இல்லை. காட்ரிட்ஜுக்குள்ளேயே நாணயம் போன்ற சிறிய பாட்டரி ஒன்று அத்தனையையும் காத்து நிற்கிறது. பாட்டரி செத்தால் எல்லாம் அழியும்.

இந்த ஆட்டத்தில் வீரனுக்கும் துணைவர்களுக்கும் நாமே பெயர் வைக்கலாம். பாட்டியின் கணவர் ஆபீஸிலிருந்து வந்து இரவில் ஆடுவாராம். வீரனுக்குத் தம் பெயர். போர்வீரனுக்கு மகன் பெயர். காயம் ஆற்றும் பூசாரிக்கு மனைவியின் பெயர்!

கடைக்காரர் காட்ரிட்ஜைப் பிரித்து மீட்டரை வைத்தார். "3 வோல்ட் இருக்க வேண்டியது குறைந்துவிட்டது. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மாற்றலாம். ஆனால் கை நடுங்கினால் இன்றைக்கே போய்விடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

பாட்டி வெகு நேரம் பேசவில்லை. மேலே போகும் ரயில்கூட நின்றுவிட்டது போலிருந்தது எனக்கு.

"முதலில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். பிறகு மாற்றுங்கள்" என்றாள்.

காட்ரிட்ஜைப் போட்டார். ஆட்டக் குறிப்பு இருந்தது. தங்கை போனில் படம் எடுத்துக்கொண்டாள். அணைக்கும் போது பாட்டி சட்டென்று கை நீட்டி, 'ரீஸெட்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்விட்சைத் தள்ளினாள். குறிப்பு அழியாதிருக்க அப்படித்தான் செய்ய வேண்டுமாம். "அவர் சொல்லிக் கொடுத்தது" என்றாள்.

கடைக்காரர் வெளியிலிருந்து வேறொரு 3 வோல்ட் மின்சாரத்தை மெல்லிய வயர்களால் இணைத்தார். அது தாங்கிக்கொண்டிருக்கும்போதே பழைய பாட்டரியைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தார். குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவது போலத்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது.

மறுபடி ஸ்விட்சைப் போட்டார். இருந்தது! வீரனும் துணைவர்களும் ஓர் அரசன் முன் நின்றார்கள். பாட்டி பொத்தானை அழுத்தினாள். அடுத்த நிலைக்கு உயர ஒவ்வொருவருக்கும் இன்னும் எவ்வளவு அனுபவம் தேவை என்று, பெயர் சொல்லிச் சொல்லிக்கொண்டு வந்தான் அரசன். தன் பெயர் வந்ததும் பாட்டி சிரித்துவிட்டாள்.

"எழுபத்தைந்து வயதாகிறது. எனக்கு இன்னும் அனுபவம் போதவில்லையாம்!"

கடைக்காரர் வாங்கிய கூலி, எங்கள் மூவரின் மத்தியானச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. போகும்போது என்னிடம் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. இந்த அடாப்டரை அப்படியே நம் வீட்டுச் சுவரில் செருகினால் புகைதான் மிஞ்சும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பரண்மேல் ஏறினேன். அப்பா வாங்கிக் கொடுத்த என் பழைய கேம் பெட்டி தூசிக்குள் கிடந்தது. இந்தத் தடவை நான் ஊதவில்லை. பஞ்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.