என்ன போடலாம் என்று கேட்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மருமகள் முறையாகும் பெண், வடை சுடும்போது எண்ணெய் தெறித்துப் புறங்கை செக்கச்செவேலென்று இருந்தது. "என்ன போடலாம்?" என்று கேட்டிருந்தாள். ஐந்து நிமிஷத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. பெரியம்மா இட்லி மாவு என்றார். மதுரை அத்தான் பற்பசை என்றார். சென்னைத் தம்பி உருளைக்கிழங்கைச் சீவி வைக்கச் சொன்னான். மஞ்சள், உப்பு, காபித்தூள், பேனா மை எல்லாம் வந்தன. (இந்தக் காலத்தில் பேனா மைக்கு அவள் எங்கே போவாள்?) தண்ணீர் என்று ஒருவரும் சொல்லவில்லை. "குழாயைத் திறந்து 20 நிமிஷம் கையைக் காட்டு" என்று நான் எழுதியதும், "அவ்வளவுதானா டீச்சர் சித்தி?" என்று வந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

அவ்வளவுதான். ஆனால் அந்த 20 நிமிஷம் பெரிய விஷயம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகவே இருக்கிறதல்லவா? அதுபோல எண்ணெய் பட்ட இடத்தில் தோலுக்கு அடியில் சூடு தங்கி உள்ளே வேக வைத்துக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. மாவும் பசையும் மேலே மூடி சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை இரண்டாம் முறை அழும். ஐஸ் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடினால் போதும். காயம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ, மின்சாரத்தால் சுட்டாலோ, சின்னக் குழந்தை என்றாலோ தண்ணீர் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

20 நிமிஷம் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கில் அரை பீரியட். இரண்டு நிமிஷத்தில் கையை எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். நம்ம ஊர் தண்ணீர்க் கஷ்டம் எனக்குத் தெரியாததா? குடத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். கீழே வாளி வைத்துப் பிடித்தால் செடிக்கு ஆகும்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் முதலுதவிக்குத் தனி வகுப்பு உண்டு. முக்கோணத் துணியை மடித்துக் கையைத் தொங்கவிடும் கட்டு போடப் பழகினோம். அந்தக் கட்டை முப்பது வருஷ வேலையில் ஐந்தாறு தடவை போட்டிருப்பேன். அன்றாடம் உதவியது தண்ணீர், சோப்பு, சுத்தமான துணி, அழுத்திப் பிடிக்க ஒரு கை. நம்ம சனங்களுக்கோ காயத்தைக் கண்டதும் மேலே எதையாவது போட்டால்தான் மனசு ஆறும்.

இப்போது சொல்லப்போவதைச் சங்கரன்கோவில்காரர்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். நம் கோயிலில் புற்றுமண் பிரசாதம். நானும் நெற்றியில் இட்டுக்கொள்கிறவள்தான். ஆடித்தபசுக்கு வரும் வெளியூர் உறவினர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். ஆனால் அதைத் திறந்த புண்ணில் அப்புகிறார்கள். எங்கள் தெருவிலேயே முழங்கால் சிராய்த்த பையனுக்கு அவன் ஆச்சி அப்பிவிட்டதைப் பார்த்தேன். எந்த மண்ணாக இருந்தாலும் அதில் ரணஜன்னிக் கிருமி இருக்கலாம். சாணத்திலும் இருக்கலாம். டெட்டனஸ் என்கிறோமே, அதுதான். காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அது பெருகும். ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான். முன்பு பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம், சாம்பல் வைத்து எத்தனையோ உயிர்கள் போயின. தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் 2015-ல்தான் அந்தப் பிரச்சினை இந்தியாவில் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது. புற்றுமண் நெற்றிக்கு. புண்ணுக்குத் தண்ணீரும் சோப்பும். ஆச்சிமாரிடம் இப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் அந்த ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரிவாள்மனை வெட்டு, தறியில் விரல் நசுங்குவது, இதற்கெல்லாம் துணியை வைத்து அழுத்திப் பத்து நிமிஷம் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. கண்ணாடியோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் அழுத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் வழக்கம். அது தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் பிடிக்க வேண்டும், வாயால் மூச்சு.

நாய் கடித்தால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியின் மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். சின்னக் கீறல்தானே, வீட்டு நாய்தானே என்று இருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது. இப்போது தோளில்தான். அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ஒன்றையும் விடக் கூடாது. கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள். நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

பாம்பு, தேள் உருவத் தகடு வாங்கி நம் கோயிலில் செலுத்துகிறோம். செலுத்துங்கள். கடித்த அன்றைக்கு மட்டும் முதலில் மருத்துவமனை. கயிற்றால் இறுக்கக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறியக் கூடாது. கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடித்தால் வீக்கம், வலி எதுவுமே தெரியாமல் போகலாம். தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிறு வலி என்று அழுது, கண் இமை தொங்கினால் வயிற்றுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு அனுப்பினால் தாமதிக்காமல் போங்கள்.

சிலர் ஆம்புலன்ஸ் நம்பர் கேட்டிருந்தீர்கள். நம்ம ஊரில் 108. துபாய்ப் பிள்ளைகளுக்கு 998, சிங்கப்பூரில் 995. வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர் எண்ணைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். போனில் பதிந்து வைத்ததோடு விடாமல் அடுப்படிச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள், ஆச்சிக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிதாக.