மரப்படகுக்கு மறுவாழ்வு: தூத்துக்குடிக் கரையில் ஒரு கோடைநாள்

எங்கள் எம். புதுப்பட்டியில் படகு என்றால் காகிதப் படகுதான். ஐப்பசி மழை பெய்தால், சிவகாசி அச்சகங்களிலிருந்து வரும் பழைய காலண்டர் தாளில் படகு செய்து தெருத் தண்ணீரில் விடுவோம். மற்றபடி வெயில், தீப்பெட்டி, பட்டாசு. கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும்.

மே மாத விடுமுறையில் என் பத்து வயது மகன் மொபைலில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் பழைய மர மோட்டார் படகைப் பலகை பலகையாகப் பிரித்து, புதிதாக்கிக்கொண்டிருந்தார். கிறிஸ் கிராஃப்ட், இத்தாலியின் ரிவா போன்ற படகுகளை இப்படிச் சரிசெய்து, வார்னிஷ் பளபளக்கக் கண்காட்சியில் நிறுத்துவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

“இந்த மாதிரி நம்ம பக்கம் யாராவது செய்வாங்களாம்மா?”

பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் என் கணவர் சிரித்தார். “தூத்துக்குடியில என் சிநேகிதன் படகு கரையிலதான் கிடக்கு. போய்ப் பார்ப்போமா?”

மறுநாள் விடிகாலையில் கிளம்பினோம். சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு என்று நின்று நின்று போனோம். கரிசல் காடு முடிந்து உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்ததும், மகன் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஓய்வு. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். கடலுக்கு ஓய்வு கிடைக்கும் இந்த இரண்டு மாதம்தான் மரப்படகுகளுக்கு வைத்தியம் பார்க்கும் காலம்.

“வாங்க மதினி, வெயில்ல வந்துட்டீங்களே” என்று வரவேற்ற நண்பரின் முகத்தில் சிரிப்பு முழுசாக இல்லை. அவர் அப்பா கட்டிய படகு அது. இருபத்தைந்து வயதாகிவிட்டது. உடைத்து விற்பதா, இன்னொரு முறை கடன் வாங்கிச் சரிசெய்வதா என்று வீட்டில் பத்து நாளாகப் பேச்சு. தடைக்கால நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் அடுப்புக்குச் சரியாகிவிடும். படகுக்கு வேறு பணம்தான் பார்க்க வேண்டும்.

முடிவு சொல்ல ஒரு பெரியவர் வந்திருந்தார். படகு கட்டும் தச்சருக்கு ‘ஓடாவி’ என்று பெயர். எழுபதை நெருங்கும் அவர் கையில் ஒரு சின்ன மரச்சுத்தியல். அணியம் எனப்படும் முன்பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பலகையையும் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த பலகைக்குப் போனார்.

“என்ன தாத்தா கேக்குறீங்க?” என்றான் மகன்.

“நல்ல பலகை கணீர்னு பேசும் தம்பி. உள்ள உளுத்தது தொம்முனு சொல்லும். நீயும் தட்டிப் பாரு.”

தட்டினான். மூன்றாவது பலகையில் சத்தம் மாறியது எனக்கே தெரிந்தது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. பலகையைக் கழற்றியபோது, உள்ளே விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். கப்பல் புழு வேலை. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். உப்புநீரில் கிடக்கும் மரத்தைத் துளைத்துக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் படகின் அடிப்பகுதிக்கு உலோகத் தகடு அடிக்கிறார்கள். இப்போது பல படகுகளில் ஃபைபர் பூச்சு.

அரை நாள் தட்டிய பிறகு பெரியவர் சொன்னார்: “ஏரா நல்லாருக்கு. வங்குல நாலு மாத்தணும். பலகை பதினொண்ணு. உடைக்க வேண்டாம்யா.”

ஏரா என்றால் படகின் முதுகெலும்பு. வங்கு, விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள். முதுகெலும்பு உறுதியாக இருந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. படகின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

பக்கத்துப் படகில் ‘கலப்பத்து’ வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கிய உளியால் அடித்து இறக்குகிறார்கள். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சு. திரியைத் தளர்வாக அடித்தால் தண்ணீர் வரும். அதிகமாக அடித்தால் பலகையே விலகும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும்.

என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம மருந்து ரூம் மாதிரிதான். அவசரப்பட்டா போச்சு” என்றார். இரும்புக் கருவியே ஆகாத அறையில் வேலை பார்க்கிறவர் அவர். காலையில் ஆலைக்குப் போனவர் மாலையில் திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் அதிகம். இங்கே கடலைப் பார்த்திருக்கிறார்கள்.

எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். “இது லாரி எஞ்சின் கம்பெனியாச்சே!” என்று மகன் கத்தினான். லேலண்ட்தான். எங்கள் ஊர்ப் பட்டாசை ஏற்றிப்போகும் லாரிகளிலும் இதே பெயர். 1952-ல் நார்வேயுடன் ஒப்பந்தம் செய்து, கேரளத்தின் நீண்டகரையில் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தினார்கள். அதன் பிறகு தென்னகக் கரைகளில் பாய்மரத்தின் இடத்தை மெல்ல மெல்ல எஞ்சின் பிடித்தது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணிகளும் பாயோடு எஞ்சினும் பொருத்திக்கொண்டன.

எஞ்சின் மாறியது போல இப்போது உடலும் மாறுகிறது. இரும்புப் படகுகளும் ஃபைபர் படகுகளும் பெருகிவிட்டன. நல்ல மரத்தின் விலை ஏறிவிட்டது. பெரியவரின் மகன் வளைகுடா நாட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறார். “நல்ல சம்பளம்மா. நான்தான் போகச் சொன்னேன்” என்றார். அதில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரிலும் பிள்ளைகளைப் பட்டாசு வேலைக்கு விடமாட்டேன் என்று சொல்லித்தானே படிக்க வைக்கிறோம்!

மாலையில் பனிமய மாதா பேராலயத்துக்குப் போய்விட்டு, முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்த மக்ரூன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

ஜூன் மாதம் நண்பர் போன் செய்தார். படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்களாம். முதல் ராத்திரி உள்ளே தண்ணீர் கசிந்திருக்கிறது. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பெரியவர் மட்டும் பதறவில்லை.

“காஞ்ச பலகை, தண்ணியக் குடிச்சு ஊதணும்ல. ஊதினா அதுவே பஞ்சைப் புடிச்சுக்கும். விடியட்டும்” என்றாராம்.

விடிந்தபோது கசிவு நின்றிருந்தது. தடை முடிந்த முதல் நாள் அதிகாலையில் போன படகு, இரவுக்குள் கரை வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் போன்.

நீங்களும் போவதானால் மே மாதம் போங்கள். துறைமுகத்துக்குள் நுழையவும், படம் எடுக்கவும் முதலில் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். என் மகன் இப்போது வீட்டுக் கதவு, கட்டில், மர பெஞ்சு எல்லாவற்றையும் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறான்.