நாளை = இன்று

எண்பது வயதுப் பாட்டி ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து வானொலியில் வராமல் போனது. காரணம், நான் எழுதிய ஒரே ஒரு வரி: நாளை = இன்று.

காலையில் வாழ்த்து நிகழ்ச்சி நடத்துகிறேன். நேயர்கள் வாட்சாப்பில் அனுப்பும் பெயர்களையும் பாடல்களையும் ஒழுங்குபடுத்துவதற்காகப் பைத்தான் நிரல்மொழியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டேன். (ஊடகவியல் படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா அப்போதே கேட்டார்.) 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பைத்தானில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் என் பட்டியல்களுக்கு 'இன்று', 'நாளை' என்று பெயர்.

அன்று நிகழ்ச்சிக்கு முன்பே மறுநாள் வேலையையும் முடித்துவிட நினைத்தேன். அந்த ஒரு வரியை எழுதி, 'நாளை'யிலிருந்து பழைய பெயர்கள் சிலவற்றை நீக்கினேன். 'இன்று' பட்டியலிலிருந்தும் அவை போய்விட்டது எனக்குத் தெரியாது. நிகழ்ச்சி முடிந்ததும் பேத்தி அழைத்தார். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பாட்டி, மாத்திரை போடக்கூட எழுந்து போகாமல் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். எனக்குப் பேச்சு வரவில்லை. பேசுவதுதான் என் தொழில்.

தஞ்சோங் மாலிம் என்றால் மற்றவர்களுக்குப் பாவ் ஞாபகம் வரும். எனக்கு இனி அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் தம்பி நடத்திய பாடம்தான் ஞாபகம் வரும். அவன் உப்சியில் படிக்கிறான்.

"அக்கா, வீட்டுல நீ பாப்பா. ஐசில வேற பேரு. பாப்பாவுக்கு முடி வெட்டினா ஐசில இருக்கிறவளுக்கு முடி அப்படியே இருக்குமா?"

அவ்வளவுதான் விஷயம். சமக்குறி பட்டியலை நகலெடுப்பதில்லை. இருக்கிற பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. எண்களில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லையே என்றேன். எண்ணை மாற்ற முடியாது, ஒன்றைக் கூட்டினால் அந்தப் பெயர் வேறொரு எண்ணுக்குப் போய்விடும்; பட்டியலோ இருந்த இடத்திலேயே மாறும் என்றான். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். என்னைப் போல் எத்தனை பேர் தவறியிருந்தால் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்!

வரியைத் திருத்தினேன்: நாளை = இன்று[:]. இப்போது உண்மையிலேயே இரண்டு பட்டியல்கள். நிம்மதியாக 'நாளை'யில் பாட்டியின் பாடலை மட்டும் மாற்றினேன். 'இன்று' பட்டியலிலும் மாறியது!

என் பட்டியலில் ஒவ்வொரு வாழ்த்தும் ஒரு குட்டிப் பட்டியல்: பெயர், ஊர், பாடல். [:] வெளிப் பட்டியலை மட்டும் புதிதாக்குகிறது. உள்ளே இருப்பவை பழையவையே, இரண்டுக்கும் பொது. ஆவணத்தில் பட்டியல் பற்றிய பக்கம் இதை 'மேலோட்டமான நகல்' என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தெரிந்தவர்களுக்கு அது போதும். எனக்கு அது ஏதோ அடைமொழி போலத்தான் பட்டது. பக்கத்திலேயே இரண்டு வரி உதாரணம் இருந்திருக்கலாம். உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் 'ஆழ நகல்' பற்றிய நல்ல விளக்கம் வேறு பக்கத்தில் இருக்கிறது. தேடிப் பிடித்துச் சரிசெய்தபோது மணி பன்னிரண்டு.

மறுநாள் காலை முதல் வாழ்த்து பாட்டிக்கு. அவர் கேட்ட பாடலுடன். சற்று நேரத்தில் பேத்தி ஒரு குரல்பதிவு அனுப்பினார். அதில் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நேத்துப் பொறந்தவள இன்னிக்கு வாழ்த்துறியே தாயி!"