கொப்பியும் திறப்பும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஏறாவூர், தறியாலும் தையலாலும் வணிகத்தாலும் நெடுங்காலம் வாழ்ந்துவரும் ஊராகும். திமிலர் மீண்டும் ஏறாதவாறு காவல் வைக்கப்பட்ட இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பது கர்ணபரம்பரைச் செய்தி. பெயர்க் காரணம் எவ்வாறாயினும், இவ்வூர்க் கடைவீதியின் வழக்கமொன்று இன்றைய கணினியுலகின் செய்தியொன்றை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும். அதுவே கடன் கொப்பி. வீட்டுக்காரர் கொப்பியைச் சிறுவனொருவனிடம் கொடுத்தனுப்பினால், கடைக்காரர் சிறுவனின் முகத்தை நோக்குவதில்லை. கொப்பியை நோக்கியே அரிசியையும் சீனியையும் நிறுத்துக் கொடுப்பார். மாத முடிவில் பணம் கட்டுபவர் கொப்பிக்குரியவர். அதைக் கொண்டுவந்தவர் அல்லர்.

செயற்கை நுண்ணறிவின் துணையுடன் செய்நிரல் எழுத முற்படுவோர் முதலிற் பெறவேண்டிய ஏ.பி.ஐ. திறப்பும் இத்தகையதே. அது நீண்டதோர் எழுத்துத் தொடர். பயனாளரின் கணினியிலுள்ள கருவி அத்தொடரைக் காட்டித் தொலைவிலுள்ள நிறுவனத்தின் பொறியிடம் வேலை வாங்குகின்றது. திறப்பைக் காட்டுபவர் யாரென்று பொறி ஆராய்வதில்லை; திறப்பு யாருடைய கணக்கிற்குரியதோ அக்கணக்கிலே செலவை எழுதிவிடுகின்றது. உருவாக்கப்படும் வேளையில் ஒரே முறைதான் அது முழுமையாகக் காட்டப்படும். தவறவிட்டால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஏறாவூரைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன், தன் தாயாரின் தறிக்கு வாங்கும் நூல், நெய்து முடிந்த சாரங்கள், வரவேண்டிய பணம் ஆகியவற்றைக் கணக்கு வைக்கும் செய்நிரலொன்றை எழுத விரும்பினான். மின்னஞ்சல் முகவரியும் கைத்தொலைபேசி இலக்கமும் கொடுத்துக் கணக்கைத் திறப்பதற்குச் சில நிமிடங்களே ஆயின. அடுத்த படியில், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இசையும் வங்கியட்டை கேட்கப்பட்டது. மாணவர் பலரிடம் அத்தகைய அட்டை இல்லை. இருந்தாலும் கணக்கு டொலரிலே நடக்கின்றது. 2022 மார்ச்சில் நாணயமாற்று வீதம் நெகிழவிடப்பட்டபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை இந்நாட்டவர் எளிதில் மறப்பதற்கில்லை. ஈற்றில், கட்டாரில் வேலைபார்க்கும் மூத்த சகோதரனின் அட்டையே கைகொடுத்தது. இதனை அறிந்த தாயார் தொழில்நுட்பம் பற்றி எதுவும் வினவவில்லை.

“அது ஆருட காசு, மகன்?”

“காக்காட காசு, உம்மா.”

திறப்பைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்களுள் முதன்மையானது இதுவே எனலாம். இணையத்தில் மலிந்துள்ள வழிகாட்டிகள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் படம்போட்டுக் காட்டுகின்றன. ஆயின் இவ்வினாவுக்கு அவற்றில் இடமில்லை.

முன்கூட்டியே செலுத்தவேண்டிய மிகக் குறைந்த தொகை பெரும்பாலும் 5 டொலர். டொலர் 300 ரூபா என்று கொண்டால் 1,500 ரூபா. அது எத்துணை விரைவிற் கரையும் என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும். பொறி எழுத்துகளை எண்ணுவதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளையே எண்ணுகின்றது. அன்றியும், முன்னர் நடந்த உரையாடல் பொறியின் நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு வினாவுடனும் பழைய உரையாடலையும் திறந்த கோப்புகளையும் கருவி மீண்டும் அனுப்புகின்றது. 50,000 டோக்கன் கொண்ட பொதியை 20 தடவை அனுப்பினால் 10 இலட்சம் டோக்கன் ஆகும். 2024 மே மாதத்தில் ஜீபீடீ-4ஓ வெளிவந்தபோது, உள்ளிடும் 10 இலட்சம் டோக்கனுக்கு 5 டொலரும், பொறி எழுதித்தரும் அதேயளவுக்கு 15 டொலரும் விலையாக இருந்தன. ஆகவே, ஒரு மாலைப் பொழுதிலேயே சகோதரனின் 5 டொலர் தீர்ந்துவிடக்கூடும். திரும்பத்திரும்ப வரும் பகுதியைக் குறைந்த விலைக்கு ஏற்கும் முறை அவ்வாண்டிலேயே வந்தது. விலைகளும் மாறிக்கொண்டேயிருக்கின்றன, எண்ணும் முறை மட்டும் மாறவில்லை.

தமிழில் வினவுவோருக்கு இவ்வெண்ணிக்கை சற்றுக் கூடுதலாகவே சுமையாகின்றது. ஆங்கிலத்தில் ‘தமிழ்’ என்னும் பெயரை எழுத 5 பைற் போதும். அதே சொல்லைத் தமிழில் எழுதின், யூ.ரி.எஃப்.-8 முறையில் 15 பைற் வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று. பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டே பழக்கப்பட்ட துண்டாக்கும் முறைகள் தமிழ்ச் சொற்களை நொறுக்கிவிட்டன. ஜீபீடீ-4ஓ வெளிவந்தபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், 116 டோக்கனாக இருந்த தமிழ்ப் பகுதி புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது; அதே கருத்துடைய ஆங்கிலப் பகுதியோ 27 இலிருந்து 24 ஆயிற்று. முன்னேற்றம் பெரிதுதான். எனினும் தமிழில் எண்ணுபவன் தாய்மொழிக்கென ஒரு தீர்வையை இன்னும் செலுத்திக்கொண்டே இருக்கின்றான்.

திறப்பைப் பேணும் முறை கடினமானதன்று. அதனைச் செய்நிரலின் உள்ளே எழுதலாகாது. கணினியின் சூழல் மாறியாகத் தனியே வைத்தல் வேண்டும். கிற்ஹப் போன்ற பொதுத்தளத்தில் தவறி வெளியாகும் திறப்புகளைத் தேடித்திரியும் தானியங்கிகள் பல உள. வெளியானதைப் பின்னர் அழித்தாலும் பழைய பதிப்பில் அது எஞ்சியிருக்கும்; எனவே உடனே இரத்துச் செய்வதொன்றே வழி. தோழர்களுக்குத் திறப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது கொப்பியைத் தெருவிலே விடுவதற்கு ஒப்பாகும். நட்பின் பொருட்டுச் செய்யப்படுகின்ற இவ்வுதவிக்குக் கட்டாரில் வெயிலில் நிற்பவரே விலைகொடுக்க நேரும். மாணவன் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி, செலவெல்லையையும் 5 டொலராக வைத்தான்.

திறப்பே வேண்டாதாரும் உளர். இலவச மாதிரியொன்றை ஒல்லாமா போன்ற மென்பொருளின் மூலம் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். ஆனால் அதற்குக் கணினியில் போதிய நினைவகம் வேண்டும். விடையும் மெதுவாகவே வரும். இதனினும் ஏற்றது, பல்கலைக்கழகத் துறையொன்றோ மாணவர் சங்கமோ ஒரே கணக்கைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு திறப்பும் வரையறுத்த தொகையும் வழங்குவதாகும். ஆய்வுகூடத்திற்கு அமிலமும் கண்ணாடிக் குழாயும் வாங்கித்தரும் நிறுவனம், கணினி மாணவனை உறவினரின் அட்டைக்கு அனுப்புவது முறையாகாது.

தறிக் கணக்குச் செய்நிரல் சில வாரங்களில் நிறைவெய்திற்று. எழுதுவதற்கே திறப்பு வேண்டியிருந்தது, இயங்குவதற்கு வேண்டியதில்லை. வீட்டுப் பழைய கணினியில், இணையமின்றியே அது நூலையும் சாரத்தையும் எண்ணுகின்றது. முன்பணத்தின் மீதி ஓராண்டில் காலாவதியாகும் என்பதால், அதற்குள் செய்யவேண்டிய திருத்தங்களை மாணவன் குறித்து வைத்தான். திறப்பை இரத்துச் செய்த அன்று அச்செய்தியைக் காக்காவுக்கு எழுதினான்.